தலைவருக்குப் பிடித்த பழுப்பு

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் அம்மையார் விஜயகுமாரி அவர்களே, முன்வரிசையில் முகம் மலர அமர்ந்திருக்கும் முதியோரே, பிள்ளையை மடியிலும் பொறுமையை முகத்திலும் தாங்கி வந்திருக்கும் தாய்மார்களே, தோல் தொழிலால் ஊரையும் ஓவியப் போட்டியால் எங்களையும் வாழவைக்கும் நம் நகரத்தின் முடிசூடா மன்னர், தலைவர் கோதண்டராமன் அவர்களே, வணக்கம்.

மன்னர்கள் கலை வளர்த்தார்கள் என்று படித்திருக்கிறோம். கோயில் கட்டினார்கள், புலவருக்கு யானை கொடுத்தார்கள். நம் மன்னர் என்ன செய்தார்? ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். மூன்றாண்டுக்கு முன் இதே மண்டபத்தில் ஒரு குதிரைப் படத்தின் முன்னால் நின்று, "இந்த ப்ரவுன் நல்லா இருக்குதுப்பா" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த ஆண்டு யானை பழுப்பு. மயில் பழுப்பு. கிளி பழுப்பு, கடல் பழுப்பு, கடல்மேல் எழுந்த நிலவும் பழுப்பு. சிரிக்கிறீர்கள். உங்கள் வீட்டுச் சுவர் இப்போது என்ன நிறம்? பஜாரில் ஒருவர் மகளின் முகூர்த்தப் பட்டுப்புடவையையே பழுப்பில் எடுத்தார். ஏன் என்று கேட்டேன். "தலைவர் வர்றாரு சார், நமக்கு எதுக்குப் பேஜாரு?" என்றார்.

அவரை விடுங்கள், என் கதைக்கு வருகிறேன். ஜோசுவாவாகிய நான் தலைவரின் தொழிற்சாலையில் இருபது ஆண்டாக நிறம் பார்ப்பவன். வாங்குபவர் ஒப்புக்கொண்ட மாதிரித் துண்டு இடக்கையில், வந்த தோல் வலக்கையில். ஒத்துப்போனால் பாஸ், போகாவிட்டால் ரிஜெக்ட். சென்ற ஆண்டு இந்தப் போட்டிக்கு என்னை நடுவராக்கினார்கள். பழக்க தோஷம், சட்டைப்பையிலிருந்து பழுப்பு மாதிரித் தோல்துண்டை எடுத்து ஓவியங்கள்மேல் வைத்துப் பார்த்தேன்.

ஷூ தைக்கும் பிரிவில் வேலை செய்யும் அம்பரீன் ஒரு படம் கொண்டுவந்திருந்தார். அவருடைய அம்மா நசீமுன்னிசா தையல் மிஷின் ஊசியில் நூல் கோக்கிறார். தலையில் நீலத் துப்பட்டா.

"ப்ரவுன் கம்மியா இருக்குதேம்மா" என்றேன்.

"எங்கம்மா துப்பட்டா நீலம் சார். நான் இன்னா பண்றது?"

படத்தின் பின்னால் ரிஜெக்ட் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இன்றும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இந்த ஆண்டும் நடுவர் நான்தான். அம்பரீனும் அதே படத்தைக் கொண்டுவந்தார். பின்னால் என் கையெழுத்து அப்படியே இருக்கிறது. முன்னால் அரை மணி நேரம் நின்றேன். ஊசிக்காதைத் தேடி இடுங்கிய அந்தத் தாயின் கண்ணைப் பார்த்தபிறகு, தோல்துண்டை வெளியே எடுக்க எனக்குக் கை வரவில்லை. நாளைக் காலை எட்டு மணிக்கு நான் தலைவரின் தொழிற்சாலைக்குத்தான் வேலைக்குப் போகவேண்டும். அது தெரிந்தே சொல்கிறேன், முதற்பரிசு அம்பரீனுக்கு.

கை தட்டுவதற்கு முன் ஏன் எல்லோரும் தலைவர் முகத்தைப் பார்க்கிறீர்கள்? தட்டுங்கள்.

இதோ, தலைவரே எழுந்து படத்தருகே வருகிறார். கண்ணாடி போடுகிறார். புன்னகை செய்கிறார். அய்யா, உங்கள் பொற்கையாலேயே பரிசைக் கொடுங்கள். உங்கள் ஊழியனின் ஒரே ஒரு வேண்டுகோள். அந்த நீலம் நன்றாக இருக்கிறது என்று மட்டும் வாய்திறந்து சொல்லிவிடாதீர்கள். அடுத்த ஆண்டு குதிரையெல்லாம் நீலமாகிவிடும்.

பழுப்புச் சட்டையில் வந்திருக்கும் நண்பர்கள் அனைவருக்கும், நான்காம் வரிசையில் அதே நீலத் துப்பட்டாவோடு அமர்ந்திருக்கும் நசீமுன்னிசா அம்மாவுக்கும் என் நன்றி, வணக்கம்.