போர்டுல எம்பேரு வேணாம்

அது வேணாம் பெயிண்டரே, இந்த ஸ்க்ரூ டிரைவர மட்டும் கேக்காதீங்க. டப்பா மூடியத் திறக்க வேற எதையாவது பாருங்க. இல்ல, திறக்கவே வேணாம்ங்கிறேன். ஏணியையும் அப்பிடியே சுவத்துல சாத்தி வச்சுட்டு இப்பிடி நிழலுக்கு வாங்க. நாலு மணிக்குக் கேப்டன் வந்துருவாரு. அதுவரைக்கும் அந்த போர்டுல ஒரு எழுத்து விழக் கூடாது.

தாள்ல என்ன எழுதிக் குடுத்திருக்காங்கன்னு எனக்குத் தெரியும். மாஸ்டர் விமானக் கூடம். இங்க விமானம் ரிப்பேர் பாத்த அந்த மாஸ்டர் நான்தான். ஏன் சிரிக்கிறீங்க? சிரிங்க, சிரிங்க. மாஸ்டர்னு போர்டு வச்சா டீ இருக்கான்னு கேட்டுத்தான் உள்ள வருவான், இதை நான் தலையால அடிச்சுக்கிட்டேன். யாரு காதுல வாங்குறா?

மூணு மாசமா இதே கூத்துதான். இங்க மொத்தமே மூணரை விமானம். மூணு முழுசு, ஒண்ணு தட்டி நிமித்துன மூக்கும் சீட்டும் மட்டும். முன்ன இது விமானம் ஓட்டக் கத்துக்குடுக்குற பள்ளிக்கூடம். அத மூடின பிறகு கேப்டன்தான் எங்க எல்லார் கையிலயும் கால்லயும் விழுந்து இத காட்சிக்கூடமா மாத்துனாரு. பழைய பேரு ரொம்ப நீளம், வாய்ல நுழையல, ஆளு வரலன்னு இப்ப புதுப் பேரு தேடுறாங்க. பேரு மட்டும் போதாதாம், சின்னம் வேணுமாம், கலர் வேணுமாம், டிக்கெட்ல இருந்து கக்கூஸ் கதவு வரைக்கும் ஒரே மாதிரி இருக்கணுமாம். கூரை ஒழுகுது, அதக் கேக்க நாதி இல்ல.

கமிட்டின்னு நாலு பேரு. கேப்டன், அவரு மக, கணக்குப் பாக்குற டீச்சரம்மா, நானு. டீச்சரம்மா சிறகுகள்னாங்க. கோழிக்கடை மாதிரி இருக்குன்னு கேப்டன் மக சொல்லிருச்சு. அந்தப் பொண்ணு வானவாசல்னுச்சு. ஆள மேல அனுப்புற இடம் மாதிரி இருக்குன்னு டீச்சரம்மா மூஞ்சத் தூக்கிக்கிட்டாங்க. பன்னெண்டு பேரு வந்துச்சு, பன்னெண்டையும் அடிச்சாச்சு. நான் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன், கேப்டன் பேர வைங்கன்னு. மனுஷன் கைத்தடியத் தரையில ஒரு தட்டுத் தட்டுனாரு பாருங்க, அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது.

ஆமா, தடி ஊனித்தான் நடப்பாரு. உள்ள நுழைஞ்சதும் அந்த அரை விமானம் நிக்குதில்ல, பசங்க ஏறி உக்காந்து போட்டோ எடுத்துக்குவாங்களே, அதுல விழுந்துதான் கால் போச்சு. முப்பத்தியோரு வருஷம் ஆச்சு. தனியா எடுத்துட்டுப் போனாரு, இறங்கும்போது மூக்கு நிமிரல, நேரா தரையில குத்திருச்சு. மூக்கத் தூக்குற கைப்பிடி இழுக்க வரல, இறுகிப்போச்சுன்னு படுக்கையில கிடந்துக்கிட்டே சொன்னாரு. விசாரிக்க வந்தவங்க எல்லாத்தையும் அக்குவேறு ஆணிவேறா பிரிச்சுப் பாத்தாங்க. ஒண்ணும் சிக்கல. ஓட்டுனவரு தப்புன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. லைசென்ஸ் போச்சு. கட்டிக்கிறதா இருந்த பொண்ணு வீட்டுக்காரங்க பின்வாங்கிட்டாங்க, கல்யாணமே ரொம்ப வருஷம் கழிச்சுத்தான். முதல்ல கைப்பிடி கைப்பிடின்னு சொல்லிட்டிருந்த மனுஷன், போகப் போக, நான்தான் பயத்துல இழுக்காம விட்டுட்டேன் போலன்னு சொல்ல ஆரம்பிச்சுட்டாரு. அதக் கேக்கத்தான் முடியாது பெயிண்டரே.

போன வாரக் கூட்டத்துல எந்திரிச்சு நின்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னாரு. மாஸ்டர் கை பட்ட விமானம் ஒண்ணுகூட தன்னால விழல, விழுந்த ஒண்ணும் என்னாலதான் விழுந்துச்சு, இந்த இடத்துக்கு அவன் பேருதான் இருக்கணும். அவ்வளவுதான். டீச்சரம்மா கண்ணத் தொடைச்சுக்கிட்டாங்க. கேப்டன் மக கை தட்டுச்சு. நான் வேணாம்னேன், அடக்கம்னாங்க. கத்துனேன், வயசாச்சுன்னாங்க. ரெண்டு நாள் வராம இருந்தேன், கேப்டன் பழம் வாங்கிக்கிட்டு வீட்டுக்கே வந்துட்டாரு. எம் பொண்டாட்டி வேற, பேரு வந்தா கசக்குதான்னு ஒரு இடி. நான் என்னதான் பண்ணுவேன்?

சின்னமா? அதுதான் இன்னும் கொடுமை. உள்ள சுவத்துல டூல் போர்டு மாட்டியிருக்கு, பாத்தீங்களா? நீங்க பெயிண்டரு, உங்களுக்குச் சட்டுனு புரியும். ஒவ்வொரு டூலுக்கும் பின்னால அதே அளவுல வெள்ளையில ஒரு நிழல் வரைஞ்சிருக்கும். வேலை முடிஞ்சா எல்லாம் அதது ஆணியில வந்து தொங்கணும். ஒரு நிழல் வெறுமனே தெரிஞ்சாலும் ஏதோ ஒண்ணு விமானத்துக்குள்ள கிடக்குன்னு அர்த்தம். அது கிடைக்கிற வரைக்கும் விமானம் நகரக் கூடாது. சூப்பர்வைசரு வருவாரு, ஆணி எல்லாம் நிறைஞ்சிருக்கான்னு ஒரு பார்வை, கையெழுத்து, அவ்வளவுதான். அந்த போர்டத்தான் சின்னமாப் போடுறாங்களாம்.

அதுக்கு அந்தப் பொண்ணு போட்டோ எடுத்து, ஒவ்வொண்ணா வரையுது. முந்தாநாள் என்னக் கூப்பிட்டு, அங்கிள், இந்த ஒரு ஸ்க்ரூ டிரைவர் மட்டும் ஏன் நிழலவிடச் சின்னதா இருக்குன்னு கேட்டுச்சு. சூப்பர்வைசரு பாக்கல, விசாரணைக்காரன் பாக்கல, வந்துபோற சனம் பாக்கல. அது பாத்துருச்சு. அப்பன் கண்ணு அப்பிடியே இருக்கு. பெயிண்ட் வழிஞ்சிருக்கும்மான்னு சொல்லிட்டு வெளிய வந்து உக்காந்துட்டேன்.

பெயிண்ட் எங்க வழியும்? கோடு போட்டவன் நானு. அந்தச் சின்னது என் சொந்த ஸ்க்ரூ டிரைவர். அன்னைக்கு கேப்டன் வெளிய நின்னு ரெடியா ரெடியான்னு அவசரப்படுத்துறாரு, ஆணியில ஒண்ணக் காணோம். மேசையில எங்கயாவது கிடக்கும், அப்புறம் தேடிக்கலாம்னு என் ஸ்கூட்டர்ல இருந்தத எடுத்து மாட்டிட்டேன். சூப்பர்வைசரு பாத்தாரு, ஆணி நிறைஞ்சிருந்துச்சு. விழுந்த இடத்துக்கு முதல்ல ஓடுனவனும் நான்தான். மத்தவங்க கேப்டன இழுத்துக்கிட்டிருந்தாங்க, நான் வாலுக்குள்ள கைய விட்டேன். கைப்பிடியில இருந்து வாலுக்கு வர்ற கம்பி போற இடத்துல, காணாமப்போன ஸ்க்ரூ டிரைவர் செருகிக்கிட்டு நின்னுச்சு. எடுத்து பாக்கெட்ல போட்டுக்கிட்டேன். அதத்தான் டப்பா திறக்கக் குடுங்கன்னு கேட்டீங்க.

இல்ல, வீட்ல யாருக்கும் தெரியாது. நீங்கதான் முதல் ஆளு. சொல்லிப் பழகிக்கலாம்னு பாத்தேன்.

அந்தா, வண்டிச் சத்தம். நாலுகூட ஆகல, சீக்கிரமே வந்துட்டாரு. அந்த நாற்காலியக் கொஞ்சம் இழுத்துப் போடுங்க பெயிண்டரே, அவரால நின்னுக்கிட்டுக் கேக்க முடியாது. நீங்க எங்கயும் போயிராதீங்க. எல்லாத்தையும் கேட்டப்புறம் அவரு எந்தப் பேரச் சொல்றாரோ அத எழுதுங்க.