லேசான தூரக்கண்ணாடி

பொகவந்தலாவையிலிருந்து ஹட்டன் போகும் பஸ்ஸில், எனக்கு முன்னால் ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவின் சமையல்காரரும் அவர் மனைவியின் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"நல்லாத் தெரியுற கண்ணாடி நமக்கு ஆகாது மாப்பிள" என்றார் சமையல்காரர்.

"ஏன் மச்சான்?"

"தொர குருவி பாக்க ரெண்டு தூரக்கண்ணாடி வரவழச்சாரு. கனமானதுல எதிர்மலையில கொழுந்து பறிக்காம ஒக்காந்து வெத்தல போடுற பொம்பளைங்க மொகம்கூடத் தெரியுது. 'கழுத்து வலிக்குங்க தொர, லேசானதுதான் கைக்கு அடக்கம்'னு சொன்னேன். கனமானத திருப்பி அனுப்பிட்டாரு."

"நல்லதாப் போச்சு."

"எங்க? லேசானதுல பாத்துட்டு, இலங்கையிலேயே இல்லாத செவப்புக் குருவின்னு பேப்பருக்கு எழுதிட்டாரு. அது வேலியில காயப்போட்ட ஒங்கக்கா ரவிக்க. ஞாயித்துக்கெழம கொழும்புலேருந்து நாலு தொரமாரு பாக்க வாராங்க."

"ஐயையோ! எடுத்துடச் சொல்லுங்க."

"எடுத்தா, குருவியக் கொன்னது யாருன்னு விசாரண வரும். அன்னிக்கும் அங்கயே காயப்போடச் சொல்லியிருக்கேன்."