புகைப்படத்தில் இருந்த கதவு

“ஹலோ... ஆமா மேடம், ஜூடிதான் பேசுறேன்... மேடம், இன்னைக்கு வராதீங்க... இல்ல, இல்ல, தாளெல்லாம் ரெடியாத்தான் இருக்கு. இன்னைக்கு மட்டும் வேண்டாம். நாளைக்கு வாங்க... பஸ் ஏறிட்டீங்களா? எங்கன வாரீங்க இப்ப?”

ஜூடி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பேசினாள். இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற கூடங்கள் நிறைந்த தெரு அது. அதிலிருந்து பிரிகிற குறுகலான ஒரு முடுக்கின் கடைசி வீட்டில் அவள் சிறுபிள்ளைகளுக்கான ப்ளே ஸ்கூல் நடத்திவந்தாள். மில்லுக்குப் போகிற தாய்மார்கள் காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டு, ஷிப்டு முடிந்து வந்து தூக்கிப் போவார்கள். இரண்டு வருடம் அனுமதி இல்லாமலே ஓடிவிட்டது. போன மாதம்தான் விண்ணப்பம் போட்டாள். எந்தத் தாளை எங்கே வாங்க வேண்டும் என்று கூடவே இருந்து சொல்லிக்கொடுத்த அதிகாரி பாண்டிசெல்விதான் இன்று பதினொரு மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆய்வுக்கு வருவதாக இருந்தார்.

“ஆமா, பிள்ளைங்கதான் இருமுது... காய்ச்சல் எல்லாம் இல்ல மேடம். அது வந்து... எதுத்த குடோன்ல கழிவுப் பஞ்சைப் போட்டு எரிக்காங்க போல. கொஞ்சம் பொகை வருது... கொஞ்சந்தான். செத்த நேரத்துல அடங்கிரும்...”

அடங்காது என்று அவளுக்குத் தெரியும். குடோன் ஷட்டரும் இந்த வீட்டு வாசலும் ஒரே முடுக்கில், எட்டடி இடைவெளியில் எதிரெதிரே இருந்தன. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள உதவிக்கு இருக்கும் வெள்ளத்தாய், வாசல் கதவைத் திறந்த வேகத்தில் சாத்திவிட்டுச் சுவரில் சாய்ந்து இருமிக்கொண்டிருந்தாள். அந்த ஒரு நொடியில் ஜூடியும் பார்த்துவிட்டாள். காலை பத்தரை மணிக்கு முடுக்கு இருண்டு கிடந்தது.

“மேடம், வச்சிராதீங்க. லைன்லயே இருங்க... வாசல் வழியாப் போக முடியல... ஆமா. ஆமா, முடுக்கு பூராவும் கரும்பொகை. ஷட்டருக்கு அடியில தீ தெரியுதுன்னு வெள்ளத்தாயக்கா சொல்லுது... இல்ல, தீயணைப்புக்கு இன்னும் சொல்லல. அதுக்குள்ள உங்க போன் வந்துருச்சு...”

அது பாதி உண்மை. போனைக் கையில் எடுத்தவள், வண்டி வந்தால் ஊரே கூடுமே, அனுமதி இல்லாத இடம் என்று பேப்பர்காரன் எழுதுவானே என்று தயங்கித்தான் நின்றிருந்தாள்.

“நீங்களே சொல்லுதீங்களா? ஆபீஸ் போன்லயா? சொல்லுங்க மேடம். சீக்கிரம்.”

பேருந்தின் இரைச்சல். ஹாரன். பாண்டிசெல்வி இன்னொரு போனில் யாருக்கோ தெருப்பெயர் சொல்வது மங்கலாகக் கேட்டது.

“ஆங், இருக்கேன்... யாரும் நிக்கக் கூடாதா? சரி... அக்கா, எல்லாத்தையும் பின் ரூமுக்குக் கூட்டிட்டுப் போயி தரையில உக்கார வைங்க. படுத்துக்கிட்டாலும் சரி... சொல்லிட்டேன் மேடம்... கதவுக்கு அடியில ஈரத்துணி. சரி, சரி. பழைய சேலை கெடக்கு... எத்தனை பிள்ளைங்களா? பத்து மேடம்.”

விண்ணப்பத்தில் எழுதிய எண் அது. கேட்டவுடன் தானாக வாயில் வந்துவிட்டது. வெள்ளத்தாய் வாளித் தண்ணீரில் சேலையை முக்கியபடி அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

“பதிமூணு மேடம்... இல்ல, பதிமூணு. எடம் பத்தாதுன்னு சொல்லிருவீங்கன்னு பாரத்துல பத்துன்னு போட்டுட்டேன்... எங்க ரெண்டு பேரையும் சேத்தா பதினஞ்சு. தீயணைப்புக்காரங்ககிட்ட பதினஞ்சுன்னு சொல்லிருங்க... திட்டுங்க, பொறவு எம்புட்டு வேணும்னாலும் திட்டுங்க.”

பின் அறையிலிருந்து அழுகை வந்தது. ஒன்று தொடங்கினால் எல்லாம் தொடங்கும். ரோஷன் மட்டும் இது ஏதோ விளையாட்டு என்று நினைத்துத் தரையில் உருண்டுகொண்டிருந்தான்.

“வண்டி கெளம்பிருச்சா? கர்த்தரே... அஞ்சு நிமிசமா. சரி... எந்தப் பக்கமா வாராங்களாம்?... பின் சந்துக்கா...”

ஜூடியின் குரல் இறங்கிவிட்டது.

“நான் கதவைத் தொறந்து வைக்கணுமா...”

விண்ணப்பத்தோடு இரண்டாவது வழியின் படம் ஒன்று கேட்டிருந்தார்கள். அவசரத்துக்குப் பிள்ளைகளை வெளியேற்ற இன்னொரு கதவு. இந்த வீட்டிலும் பின்னால் ஓர் இரும்புக் கதவு உண்டு. ஆனால் அது பின் சந்துக்குத் திறக்கவில்லை; முடுக்கின் கடைசியை வளைத்து இந்த வீட்டின் பின்புறம் வரை வந்திருந்த குடோனின் பின்கட்டுக்குள் திறந்தது. வீட்டுக்காரர் இருளப்பசாமிதான் குடோனுக்கும் சொந்தக்காரர். கதவை அந்தப் பக்கமாகப் பூட்டி, பஞ்சு மூட்டைகளைக் கூரை வரைக்கும் அடுக்கி வைத்திருந்தார். ஜூடி இரண்டு முறை போய்க் கேட்டாள். மூன்றாவது முறை கேட்டால் வீட்டைக் காலி பண்ணச் சொல்வார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. அழுகிற பிள்ளைகளுக்கு யார் வேறு வீடு கொடுப்பார்கள்? ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து மம்சாபுரம் போனவள், அக்கா வீட்டுக் கொல்லைக் கதவை அகலத் திறந்து வைத்துப் படம் எடுத்தாள். நீலப் பெயின்ட் அடித்த கதவு. அப்பால் நல்ல வெயில். பாண்டிசெல்வி அந்தப் படத்தைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்துக் கோப்பில் வைத்துக்கொண்டார். இப்போது அந்தக் கோப்பு அவர் மடியில் இருந்தது.

ஜூடி பின் அறைக்குப் போய் இரும்புக் கதவில் விரலை வைத்தாள். வெடுக்கென்று எடுத்தாள்.

சொன்னால் பள்ளி போய்விடும். போலீசுக்கும் போகலாம். சொல்லாவிட்டால் வண்டி பின் சந்துக்குப் போய், வராத பிள்ளைகளுக்காகக் காத்து நிற்கும்.

“மேடம்... ஒண்ணு சொல்லணும்... இல்ல, மொதல்ல கேளுங்க. அவங்களைப் பின் சந்துக்கு அனுப்பாதீங்க... தொறக்காது... சாவி இல்லாததால இல்ல மேடம். நான் குடுத்த படம்... அது இந்த வீட்டுக் கதவு இல்ல.”

ஜூடி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“ஹலோ? மேடம்?... ஆமா. மம்சாபுரத்துல எங்கக்கா வீட்டுக் கதவு... ஆமா, பொய்தான். நாந்தான் எடுத்தேன், நாந்தான் குடுத்தேன்... இங்க இருக்கது இரும்புக் கதவு. அந்தப் பக்கம் பூட்டு, அதுக்குப் பின்னால அம்புட்டும் பஞ்சு மூட்டை. இப்பத் தொட்டுப் பாத்தேன், கை வைக்க முடியல... என்னைய என்ன வேணும்னாலும் பண்ணுங்க. வண்டியத் திருப்பச் சொல்லுங்க மேடம். திருப்பச் சொல்லுங்க.”

பாண்டிசெல்வியின் குரல் தள்ளிப்போனது. இன்னொரு போனில் வேகமாக, விட்டு விட்டுப் பேசுகிற சத்தம். இரும்புக் கதவின் அடியிலிருந்து நூல் நூலாகப் புகை வரத் தொடங்கியது. பிள்ளைகளை அங்கே உட்கார வைத்ததே தான்தான் என்று ஜூடிக்கு உறைத்தது.

“அக்கா, இங்க வேண்டாம், எல்லாரையும் நடு ரூமுக்கு இழுங்க. தவந்தே போகச் சொல்லுங்க... ஆங் மேடம், சொல்லுங்க... சன்னலா? அடுப்படியில ஒண்ணு இருக்கு. கம்பி போட்டது... கெழக்குப் பக்கமா. பக்கத்து வீட்டுத் தோட்டம்... அங்க பொகை அம்புட்டு இல்ல. ஆமா... சத்தம் போடவா? சரி, போடுறேன்.”

அவள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். என்ன கத்தினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. தோட்டத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாள் துணியைக் கீழே போட்டுவிட்டு, தெலுங்கில் யாரையோ கூப்பிட்டுக்கொண்டே கேட்டைத் திறக்க ஓடினாள். பிள்ளைகளை அடுப்படியில் நெருக்கி உட்கார வைத்து, நனைத்த துண்டுகளை மூக்கில் வைத்துப் பிடித்தார்கள். பதிமூன்று பிள்ளைகளுக்குத் துண்டு போதவில்லை. வெள்ளத்தாய் தன் சேலையைக் கிழித்தாள்.

“ஹலோ... வந்துட்டாங்க மேடம். காக்கிச் சட்டை தெரியுது. ஏணியெல்லாம் கொண்டு வாராங்க... அறுக்காங்க. கம்பியத்தான் அறுக்காங்க... ரெண்டு கம்பி போதும், பிள்ளைங்க சின்னதுதான... சரி, எண்ணுறேன். சத்தமாவே எண்ணுறேன், நீங்களும் எண்ணிக்கோங்க.”

போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையாகத் தூக்கிக் கொடுத்தாள். வெளியிலிருந்து இரண்டு கைகள் வாங்கின. “ஒண்ணு... ரெண்டு... ஆஸ்டின், கையை விடு கண்ணு, மாமா தூக்குவாரு... மூணு...” ஒன்பதாவது பிள்ளையான அக்சா கம்பியைப் பிடித்துக்கொண்டு போக மறுத்தாள். விரலைப் பிரித்தெடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

“பதினொண்ணு... பன்னெண்டு...”

திரும்பினாள். பின்னால் வெள்ளத்தாய் மட்டும் நின்றிருந்தாள்.

“பன்னெண்டுதான் வருது மேடம்... நீங்களும் பன்னெண்டுதான் எண்ணுனீங்களா? யாரு... யாரு இல்ல அக்கா? ராம்கி போயிட்டான், ரோஷன் போயிட்டான்... மாரிசெல்வி. மேடம், மாரிசெல்வியக் காணல.”

போனை இடுப்பில் செருகிக்கொண்டு முழங்காலிட்டுத் தவழ்ந்தாள். நடு அறையில் இல்லை. பின் அறையில் கண் திறக்க முடியவில்லை. பாய்களைக் கையால் தடவிப் பார்த்தாள். எல்லாம் வெறும் பாய். பெயரைச் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தால் இருமல்தான் வந்தது. சுவரைப் பிடித்துத் திரும்பும்போது குளியலறைக் கதவு கையில் தட்டியது. சாத்தியிருந்தது. தள்ளினாள். தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே நான்கு வயது மாரிசெல்வி இரண்டு கையாலும் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இடுப்பிலிருந்த போன் என்னவோ கேட்டுக்கொண்டே இருந்தது. பிள்ளையைச் சன்னல் வழியாகக் கொடுத்த பிறகுதான் ஜூடி அதை எடுத்தாள்.

“பதிமூணு... ஆமா, பதிமூணு. கெடச்சிட்டா... குளிக்கிற ரூமுக்குள்ள. பயத்துல பாவாடையிலயே போயிருச்சு போல. நான் வைவேன்னு பயந்துக்கிட்டு கதவைச் சாத்திக்கிட்டு நின்னுருக்கா மேடம்...”

அவளும் வெள்ளத்தாயும் வெளியே வர மூன்றாவது கம்பியையும் அறுக்க வேண்டியிருந்தது.

பக்கத்து வீட்டுத் துவைக்கிற கல்லில் ஜூடி உட்கார்ந்திருந்தாள். யாரோ கொடுத்த சொம்புத் தண்ணீர் கையில் இருந்தது. பிள்ளைகள் கரி படிந்த மூக்கோடு வரிசையாக உட்கார்ந்திருக்க, ஆம்புலன்ஸில் வந்த பெண் ஒவ்வொருத்தர் நெஞ்சிலும் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்கட்டுக் கூரை சந்துப் பக்கமாக விழுந்துவிட்டது என்று தீயணைப்புக்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

“இருக்கேன் மேடம்... பஸ் ஸ்டாண்டுல எறங்கிட்டீங்களா... எனக்கு ஒண்ணும் இல்ல. கைதான் லேசாச் சுட்டிருக்கு... அப்படியே எழுதுங்க மேடம். எதையும் விடாம எழுதுங்க. அனுமதி வராதுன்னு தெரியும்... இல்ல, அழல... வேற எடமா? பொறவு பேசுவோம் மேடம். இப்ப அதெல்லாம் காதுல ஏறல.”

முடுக்கு முனையில் கூச்சல் கேட்டது. தகவல் மில்லுக்குப் போயிருந்தது. வேலைக்குப் போடும் மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல், தலையில் பஞ்சுத் தூசியோடு பெண்கள் ஓடிவந்துகொண்டிருந்தார்கள். முன்னால் வந்தவள் மாரிசெல்வியின் அம்மா.

“அவிய எல்லாம் வாராவ மேடம்... இல்ல, நீங்க வந்து சொல்ல வேண்டாம். கதவு விசயத்தை நாந்தான் சொல்லணும். பொறவு யாரோ சொல்லி அவியளுக்குத் தெரிய வேண்டாம்... அடிச்சா அடிக்கட்டும்... பயமாத்தான் இருக்கு... ஆமா... ஆமா மேடம்... இந்தா, வந்துட்டாவ. வைக்கேன்.”

போனை அணைத்தாள். சொம்பைக் கல்லில் வைத்துவிட்டு எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண்களுக்கு எதிரே நடந்தாள்.