வீட்டுப் பாரா

எனக்குத் தனியாகச் சாப்பிடப் பிடிக்காது, ஐயா. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சொந்த ஊரான மல்லாங்கிணற்றில் எங்கள் வீட்டில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்துதான் கம்மங்கஞ்சி குடிப்போம். போலீஸ் வேலைக்கு வந்த பிறகு அது போயிற்று. மனைவி, மகனோடு ஓசூரில் இருக்கிறாள். சண்டை ஒன்றும் இல்லை. பேரனைப் பார்த்துக்கொள்ளப் போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். குவார்ட்டர்ஸில் பரோட்டாப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு டி.வி.யைப் பார்த்துத் தின்பேன். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், நீங்கள் காரணம் கேட்டீர்கள்.

வெம்பக்கோட்டைக்கு இந்தப் பக்கம் இசக்கிப்பாண்டியின் ஊர். பருத்தி விவசாயி, பஞ்சாயத்துத் தலைவர். தேர்தலில் அவரிடம் தோற்ற புகழேந்தி, பட்டாசுக் கம்பெனிகளுக்கு லோடு ஏற்றும் லாரிகள் வைத்திருப்பவர். தோல்வி அவருக்குச் செரிக்கவில்லை. டீக்கடையில் நாலு பேர் கேட்க, "அவன் அந்த நாற்காலியில ஒரு வருசம் உக்காந்துட்டா என் மீசையை எடுத்துர்றேன்லே" என்றார். வெறும் வாய்ச்சவடால் என்று விட்டுவிட முடியவில்லை. முதலில் இசக்கிப்பாண்டியின் கிணற்று மோட்டாரை உடைத்தார்கள். பிறகு அவருடைய பைக் வாசலிலேயே எரிந்தது. அதன் பிறகுதான் இன்ஸ்பெக்டர் என்னை அவர் வாசலில் காவலிருக்க, வீட்டுப் பாராவுக்கு அனுப்பினார். ஸ்டேஷனில் வேறு யாரும் போக விரும்பவில்லை. எல்லாருக்கும் வீடு இருந்தது.

முதல் நாள் காலையிலேயே அவர் சம்சாரம் மாரித்தாய் வாசலுக்கு வந்து, "ஏட்டய்யா, சாப்பிட்டீகளா?" என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். "பொய் சொல்லாதீக. மொகத்தைப் பாத்தாலே தெரியுதே" என்று சிரித்தார். உள்ளே கூட்டிப்போய், புருஷனுக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு தட்டு வைத்தார். அன்றிலிருந்து மூன்று வேளையும் அந்த வீட்டில்தான். இசக்கிப்பாண்டி பருத்தி விலையைப் பற்றிப் புலம்புவார். நான் ஆமாம் போடுவேன். மோரில் உப்பு குறைந்தால் மாரித்தாய் என்னிடம்தான் கேட்பார். என்னிடம் அப்படி ஒருவர் அபிப்பிராயம் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது, ஐயா. வீட்டுக்கு ஆபத்து என்பதே சில நாள் எனக்கு மறந்துபோகும்.

ஊர்க் கோயிலின் பங்குனிப் பொங்கலோடு ஆபத்தும் தீர்ந்தது. கட்சிக்காரர்கள் நடுவில் உட்கார்ந்து பேசி, இரண்டு பேரையும் ஒரே கட்சியில் சேர்த்துவிட்டார்கள். பத்திரகாளியம்மன் முன்னால் புகழேந்தி சூடம் அணைத்துச் சத்தியம் செய்தார். எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் சொன்ன வார்த்தையை எங்கள் பக்கம் யாரும் மீறுவதில்லை. பிறகு கிடாக்கறி. பழைய பகையாளிகள் இரண்டு பேரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எனக்குக் கறி இறங்கவில்லை.

திங்கட்கிழமை ஸ்டேஷனுக்குத் திரும்பிவிடும்படி இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். மாரித்தாய்க்கு ஒரே சந்தோஷம். "இனிமே நீங்களும் ஒங்க வீட்டுல நிம்மதியாத் தூங்குவீக" என்றார். என்மேல் இருந்த அக்கறையில்தான் சொன்னார். ஆனாலும் எனக்கு வருத்தமாக இருந்தது. அந்த வீட்டுக்கு நான் இன்னும் தேவை என்பதை அவர்களுக்குப் புரியவைக்க வேண்டும் என்று தோன்றியது.

வீடுகளில் திருட்டுத்தனமாக வெடி சுற்றுகிறவர்களிடம் நாங்கள் வெடிமருந்து பிடிப்பது உண்டு. அப்படிப் பிடித்ததை அழிக்கக் கொண்டுபோனபோது ஒரு பையை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். சனிக்கிழமை சாயங்காலம் அதைக் கொல்லையில் விறகுக்காக அடுக்கியிருந்த பருத்திமார் படப்புக்கு அடியில் செருகினேன். மறுநாள் இசக்கிப்பாண்டியைக் கூட்டிப்போய், நானே கண்டுபிடிப்பதாக இருந்தேன். புகழேந்தி வைத்த குண்டு என்று ஊர் நம்பும். பாரா நீடிக்கும். அவ்வளவுதான் என் கணக்கு. வெடித்துத் தொலைக்கக் கூடாது என்று மருந்தில் தண்ணீரும் தெளித்தேன். நமுத்த வெடி வெடிக்காது என்பது தீபாவளி கொண்டாடுகிற பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

நீங்கள் எம். புதுப்பட்டியைப் பற்றிக் கேட்டீர்கள். ஆமாம், பட்டாசுக் கம்பெனிகள் நிறைந்த அந்த ஊரில் வெகுநாள் வேலை பார்த்தேன். நனைந்த மருந்து தானாகச் சூடேறி வெடிக்கும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். மழைச் சாரல் பட்ட மருந்தறைக்குள் ஒருவரும் போகமாட்டார்கள். கதவைத் திறந்தது திறந்தபடி விட்டுவிட்டு வந்துவிடுவார்கள். ஜீப்பில் மைக் கட்டி, ஈர மருந்து இருக்கும் பக்கமே போகாதீர்கள் என்று தெருத்தெருவாகச் சொன்னவன் நான்தான். தண்ணீர் தெளிக்கும்போது அது ஞாபகத்துக்கு வரவில்லை என்று காலையில் சொன்னேன். வந்தது, ஐயா.

ஞாயிற்றுக்கிழமை காலை போய்ப் பையைத் தொட்டுப் பார்த்தேன். இளஞ்சூடாக இருந்தது. இசக்கிப்பாண்டி கறி எடுக்க வெம்பக்கோட்டைக்குப் போயிருந்தார். சாட்சிக்கு ஆள் இல்லாமல் எடுத்தால் யார் நம்புவார்கள்? ஆளில்லாத கொல்லையில் தானாக வெடித்தாலும் நல்லதுதான். பாரா இன்னும் நீளும் என்று நினைத்தேன். வாசலுக்கு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் மாரித்தாய் எட்டிப் பார்த்தார். "நாளைக்குக் கெளம்பிருவீகள்ல ஏட்டய்யா. இன்னைக்கு விறகடுப்புல கறி வைக்கேன். மார் எடுத்துட்டு வாரேன், இருங்க" என்றார். அவர் செருப்புச் சத்தம் கொல்லைப் பக்கம் போவது கேட்டது. கூப்பிட்டிருக்கலாம். நேரம் இருந்தது. கூப்பிட்டால் ஏன் என்று கேட்பார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். பிறகு அந்த வீட்டில் எனக்குத் தட்டு வைக்கமாட்டார்கள். அதனால் இருந்தேன். இருங்க என்றுதான் அவரும் சொல்லியிருந்தார்.

வெடித்து மாரித்தாய் செத்த அன்று, புகழேந்தியின் டிரைவரை முந்தின நாள் சந்தில் பார்த்ததாகச் சொன்னதும் நான்தான். பொய்ச் சத்தியம் பண்ணிய பாவி என்று ஊரே புகழேந்திமேல் மண்ணை வாரித் தூற்றியது. அவரை உள்ளே வைத்தார்கள். அவர் மனைவி தினமும் ஸ்டேஷன் வாசலில் வந்து நிற்கிறார். அதற்காக நான் இங்கே வரவில்லை. பாரா நீடித்தது, ஐயா, நான் நினைத்தபடியே. ஆனால் உள்ளே அடுப்பு எரியவில்லை. இசக்கிப்பாண்டி படுத்தே கிடந்தார். வாங்கி வந்த பரோட்டாவை வாசலில் உட்கார்ந்து தின்றேன். போன வாரம் அவரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு, மதுரையில் இருக்கும் மகள் அழகுமீனாவிடம் போய்விட்டார். பூட்டின வீட்டுக்குப் பாரா எதற்கு என்று இன்ஸ்பெக்டர் திரும்பக் கூப்பிட்டார். நேராக உங்களிடம் வந்தேன். இங்கேயாவது எதிரில் ஒருவர் உட்கார்ந்து நான் சொல்வதைக் கேட்கிறீர்கள்.

வேலியே பயிரை மேய்ந்தது என்று நாளைக்குப் பேப்பரில் போடுவார்கள். போடட்டும். நீங்கள் மட்டும் ஒன்றைத் தவறாமல் எழுதிக்கொள்ளுங்கள். நான் பாரா இருந்த வரைக்கும், வெளியாள் ஒருத்தன்கூட அந்த வீட்டுக்குள் கால் வைக்கவில்லை.