மூன்றாவது பிழை

நகராட்சியின் துண்டுப் பிரசுரத்தில் மூன்று எழுத்துப் பிழைகள் இருந்தன. ‘சுற்றுசூழல்’ என்று போட்டிருந்தார்கள், ஒற்று விட்டுப்போயிருந்தது. ‘மின்சாரத்தை சேமிப்போம்’ என்பதிலும் அதே கதை. மூன்றாவதைப் பிறகு சொல்கிறேன். முப்பத்தோரு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவன் நான். யாரும் கேட்காமலேயே சிவப்பு மையால் திருத்திக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்படித்தான் எங்கள் தெருவுக்கு என்னையே தொண்டராகப் போட்டார்கள்.

வீட்டில் என் பெயரே ‘திருத்தம்’தான். வைத்தது அண்ணன். அவரும் அண்ணியும் கீழ் வீட்டில், நான் மாடியில். கல்யாணம் ஆகாதவன் என்பதால் சாப்பாடு கீழேதான். அண்ணனுக்கு நுரையீரல் போய்விட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கருவி இரவும் பகலும் ஓடி அவருக்குக் காற்று கொடுத்துக்கொண்டிருந்தது. அவருக்கு நான் வேண்டுமென்றால் நீளமான மூங்கில் தடியால் கூரையில் மூன்று தட்டு தட்டுவார். நான் இறங்கிப் போவேன்.

முதல் கூட்டத்தில் நகராட்சி அதிகாரி அம்மா ஏரியின் படங்களைக் காட்டினார். இருபது வருடத்துக்கு முன்னால் எடுத்தது ஒன்று, இப்போது எடுத்தது ஒன்று. “இன்னும் பதினஞ்சு வருஷம்தான். அப்புறம் குழாயைத் திறந்தா காத்துதான் வரும். ஆனா நீங்க எல்லாரும் சேர்ந்தா மாத்தலாம்” என்றார். மற்றவர்கள் டீ குடித்துவிட்டுக் கலைந்தார்கள். நான் அந்த இரண்டு படங்களையும் பார்த்துக்கொண்டே நின்றேன். அன்றிலிருந்து தினமும் காலையில் எழுந்ததும் குழாயைத் திறந்து பார்ப்பேன், தண்ணீர் வருகிறதா என்று. வரும். ஆனாலும் பயம் போகாது. இந்தப் பயத்தை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். இது இல்லாமல் மற்றது புரியாது.

மின்சாரச் செலவு குறைந்தால் சூடு குறையும், ஏரி வற்றாது என்றார்கள். திட்டம் எளிமையானது. வெள்ளிக்கிழமை மாலை ஏழிலிருந்து எட்டு வரை எல்லா வீடுகளும் மின்சாரத்தை அணைக்க வேண்டும். எந்தத் தெரு குறைவாகச் செலவழிக்கிறதோ அதற்கு எட்டு மணிக்கே கணக்குப் பார்த்துப் பச்சைப் பலகை. ‘அணைப்போம் வாருங்கள்’ என்பது வாசகம்.

“யாரைடா அணைக்கச் சொல்றே?” என்று சிரித்தார் அண்ணன். சிரித்தால் இருமல் வரும், அப்படியும் விடமாட்டார். “எதுக்கும் உங்க அண்ணிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்.”

எங்கள் தெருவில் பதினெட்டு வீடுகள். நான் வீடு வீடாகப் போய்க் காலில் விழாத குறையாகக் கேட்டேன். பதினேழு இருண்டன. ஒரு ஜன்னலில் மட்டும் வெளிச்சம், அந்தக் கருவியின் இரைச்சல். இரண்டு முறை மூன்றாம் இடம். எதிர்வீட்டுத் தையல்காரர் கேட்டார்: “ஊருக்கெல்லாம் சொல்றீங்க, உங்க வீட்டுல எரியுதே சார்?” நியாயமான கேள்வி.

தேவைப்படாத பொருள்களைத் தேவைப்படுபவர்களுக்குக் கொடுக்க நகராட்சி ஒரு நாள் வைத்திருந்தது. ஆறு மாதம் தொடாத எதையும் கொடுக்கலாம். அண்ணி சந்தைக்குப் போயிருந்தார், அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு பழைய மிக்சி, கால் உடைந்த நாற்காலி, அண்ணனின் கட்டிலுக்கடியில் தூசி படிந்து கிடந்த ஆக்சிஜன் சிலிண்டர் ஆகியவற்றை வண்டியில் ஏற்றினேன். “ஃபுல்லா இருக்கே சார், வேணாமா?” என்றான் வண்டிக்காரன். வேண்டாம் என்றேன். மின்சாரம் போனால் மாட்டுவதற்காக வைத்திருந்தது அது. ஆறு மாதமாக மின்சாரம் போகவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை குடியிருப்போர் கூட்டம். வீட்டுக்கு ஒருவராவது வர வேண்டும் என்றார்கள். வழக்கமாக நான் போவேன். “இந்தத் தடவை நீங்க போங்க அண்ணி, நானே எல்லாத்துக்கும் போனா நல்லா இருக்காது” என்றேன். அவர் புடவை மாற்றிக்கொண்டு வந்து, “உங்களை நம்பித்தான் தம்பி விட்டுட்டுப் போறேன்” என்றார். அண்ணனின் செல்போனை முன்னதாகவே மாடியில் சார்ஜில் போட்டுவிட்டேன். ஏழு மணிக்கு மேல் போட முடியாது அல்லவா.

சரியாக ஏழு மணிக்கு மாடிப்படிக்குக் கீழே மீட்டர் பெட்டியைத் திறந்து கீழ் வீட்டை அணைத்தேன். பிறகு என்னுடையதை.

கருவி கூவ ஆரம்பித்தது. மாடியில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். தரையில் மூன்று தட்டு. உள்ளங்கால் வரை அதிர்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் மூன்று. எனக்கு அப்படியொரு பயம். வேட்டி ஈரமாகிவிட்டது. ஏரியை நினைத்துக்கொண்டேன். பிறகு இரண்டு தட்டு. இரண்டுக்கு எங்களுக்குள் அர்த்தம் எதுவும் கிடையாது. அதனால் காத்திருந்தேன்.

எட்டு மணிக்கு மின்சாரத்தைப் போட்டுவிட்டுக் கீழே போனேன். அவர் கட்டிலிலிருந்து பாதி இறங்கியிருந்தார், கையில் தடி. தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். எட்டேகாலுக்கு அண்ணி ஓட்டமும் நடையுமாக வந்தார். “தம்பி, நம்ம தெருவுக்குத்தான் குடுத்தாங்க” என்று வாசலிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தார். பலகை இன்னும் அவர் கையில் இருந்தது.

ஒன்றை மட்டும் நான் ஏற்கவில்லை. அண்ணனை இதிலிருந்து விலக்கியிருக்கலாம் என்கிறீர்கள். விலக்கு இருப்பது எனக்குத் தெரியாது என்று முதல் நாள் ஸ்டேஷனில் சொன்னேன். நீங்கள் அந்தத் துண்டுப் பிரசுரத்தை மேசையில் வைத்தீர்கள். கடைசி வரி: ‘மருத்துவக் கறுவி உள்ள வீடுகள் தொண்டரிடம் தெரிவித்தால் அவை கணக்கில் சேரா.’ வல்லின றகரத்தை அடித்து, மேலே இடையின ரகரம் போட்டிருக்கிறது, சிவப்பு மையில். என் கையெழுத்துதான். மூன்றாவது பிழை அது. பிழை பார்க்கிறவன் எழுத்தைத்தான் பார்ப்பான், பொருளைப் பார்க்கமாட்டான். முப்பத்தோரு வருடப் பழக்கம். அண்ணன் எனக்காக ஒருமுறையாவது பங்கெடுத்தார் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.

நீங்கள் தட்டச்சு செய்து கொடுத்த வாக்குமூலத்தைப் படித்துப் பார்த்தேன். அண்ணி சொன்னதைக் கேட்டு, ‘அண்ணனை நான் அணைத்தேன்’ என்று போட்டிருக்கிறீர்கள். மடியில் வைத்திருந்ததைச் சொல்கிறீர்கள் என்று தெரிகிறது. திருத்துவதற்குப் பேனாவை எடுத்தேன், வைத்துவிட்டேன். அந்த வரியில் பிழை எதுவும் இல்லை. கையெழுத்து எங்கே போட வேண்டும்?