கைகளைக் கட்டிக்கொண்ட வாத்தியார்

அவைத்தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பள்ளிக் கமிட்டிப் பெரியோர்களே, எருத்தேன்பதியிலிருந்தும் சுற்றுப்பட்டிகளிலிருந்தும் வந்து இந்தப் பள்ளி வாசலில் கூடியிருக்கும் மகாஜனங்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நல்லதம்பி வாத்தியார் நம்மை விட்டுப் போய்ப் பதினாறு நாளாகிறது. அவர் படத்துக்கு முன்னால் இருக்கும் குத்துவிளக்கு இன்னும் ஏற்றப்படவில்லை. மறதியால் அல்ல, தலைவரிடம் அனுமதி கேட்டு நான்தான் நிறுத்திவைத்தேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டு முதல் பதினேழு ஆண்டுகள் அவருக்குப் பக்கத்து வகுப்பில் பாடம் நடத்தியவன் நான். அவரைக் கேலி செய்தவர்களில் முதல் ஆளும் நான்தான். எதற்காகக் கேலி? எழுத்தும் கணக்கும் ஏறாத ஏழு பிள்ளைகளை ஒன்றாகச் சேர்த்து, இவர்களுக்கு யோசிக்கக் கற்றுத்தருகிறேன் என்றாரே, அதற்காக. மந்தபுத்தி என்று நாம் ஒதுக்கிவைத்த பிள்ளைகள் அவர்கள். அந்த ஏழு பேரில் ஒருத்தி என் மகள் பழனாத்தாள். இதைச் சொல்ல எனக்கு முன்பு வெட்கமாக இருந்தது. இன்று இல்லை.

பன்னிரண்டு வயதுவரை அவளுக்குத் தலைவாரிவிட்டவன், சோறு பிசைந்து கொடுத்தவன் நான். அதைத்தான் பாசம் என்று நினைத்திருந்தேன். நல்லதம்பியார் என்ன செய்தார் தெரியுமா? அவளை என் தோட்டத்துக்கே அழைத்து வந்து, கடலைப் பாத்திக்குத் தண்ணீர் கட்டப் பழக்கினார். ஒரு பாத்தி நிறைந்ததும் அதன் மடையை அடைத்து, அடுத்ததைத் திறக்க வேண்டும். முதல் வாரம், மண்வெட்டி பிடித்த அவள் கைமேல் தம் கையை வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் முழங்கையில் ஒரு விரல் மட்டும். அதற்கப்புறம் வரப்பில் நின்றபடி கேள்வி மட்டும்தான்: "இப்ப என்ன ஆச்சு கண்ணு? அடுத்து என்ன பண்ணலாம்?" விடையை அவர் வாயிலிருந்து வாங்கவே முடியாது.

ஒருநாள் தம் தோள்துண்டை என்னிடம் நீட்டி, கைகளைப் பின்னால் கட்டச் சொன்னார். "என்ர கை சொன்ன பேச்சுக் கேக்காதுங்க. புள்ள தடுமாறுனா தானாப் போயிரும்" என்றார். சிரித்துக்கொண்டே கட்டிவிட்டேன்.

அன்று பார்த்துப் பள்ளியைச் சோதிக்க வந்த ஓர் அதிகாரி எங்களைத் தேடித் தோட்டத்துக்கே வந்து சேர்ந்தார். வாத்தியாரைப் பிள்ளைகள் கட்டிப்போட்டுவிட்டார்கள் என்றே அவர் நினைத்தார். பாத்தி நிறைந்து தண்ணீர் வரப்பை அறுத்துக்கொண்டு போகிறது. பழனாத்தாள் மண்வெட்டியோடு அப்படியே நிற்கிறாள். நான் ஓடினேன். கை கட்டப்பட்டிருந்த வாத்தியார் தோளைக் கொடுத்து என்னை மறித்தார்.

"புள்ள ரோசன பண்ணீட்டிருக்குதுங்க. ஊடால பூந்து கெடுத்துப் போடாதீங்க."

அரைப் பாத்திச் செடி போயிற்று. போகட்டும். அவள் தண்ணீரைப் பார்த்தாள், மடையைப் பார்த்தாள், மண்ணை வெட்டி அடைத்தாள். அடுத்த மடையைத் திறந்துவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தாளே, அந்த முகத்தை நான் எப்படிச் சொல்வேன்! அதிகாரி அவிழ்த்துவிட்ட அந்தத் துண்டால்தான் நல்லதம்பியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சென்ற கோடையில் கிணற்றில் தண்ணீர் குறைந்தபோது, வழக்கமான வரிசையை விட்டு, வாடிக்கிடந்த பாத்திக்கு அவளாகவே முதலில் திறந்துவிட்டாள். யார் சொல்லிக்கொடுத்தது? யாருமில்லை. அவளே யோசித்தாள். இது சாதனை இல்லையென்றால் வேறு எது சாதனை?

அவரோடு அந்த வகுப்பும் போகட்டும் என்று கமிட்டியில் பேச்சு நடப்பது என் காதுக்கும் வந்தது. நான் வாதாட வரவில்லை. இதோ, அவருடைய துண்டு. அவர் வீட்டம்மா கொடுத்தது. தலைவர் அவர்களே, என் கைகளைப் பின்னால் கட்டிவிடுங்கள். இறுக்கியே கட்டுங்கள்.

பழனாத்தா, வா கண்ணு. வெளக்க ஏத்து.

அணைந்துவிட்டது. மேற்கேயிருந்து அடிக்கும் இந்தக் கணவாய்க் காற்றுக்கு இது இரங்கல் கூட்டமென்று தெரியுமா? இரண்டாவது குச்சியும் போயிற்று. தயவுசெய்து யாரும் எழுந்திருக்க வேண்டாம். முன்வரிசையில் இருப்பவரே, உட்காருங்கள் ஐயா. என் கையே இந்தத் துண்டுக்குள் துடிக்கிறது. இப்ப என்ன ஆச்சு கண்ணு? அடுத்து என்ன பண்ணலாம்?

மேற்கே பார்க்கிறாள். யோசிக்கிறாள். நாம் காத்திருப்போம்.

சுற்றிவந்து, காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டாள்.

எரிகிறது.

நல்லதம்பியாரே, திங்கட்கிழமை உங்கள் வகுப்பு உண்டு. உங்கள் துண்டோடு நான் வந்து நிற்பேன். தலைவர் அவர்களே, இப்போது கட்டை அவிழ்த்துவிடுங்கள். நான் அவரைக் கும்பிட வேண்டும்.