வாய் படாத கிளாஸ்

அந்த நாற்காலி வேண்டாம்மா, ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. மேனேஜர் ஏதோ மீட்டிங்ல இருக்காரு, அவர் பேப்பர எடுத்துட்டு வந்து, நீங்க கையெழுத்து போட்டாத்தான் உங்க வீட்டுக்காரர் பையக் குடுப்பாங்க. அதுவரைக்கும் இந்தக் கிழவன் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருக்கணும். நான் கழுவிக்கிட்டே பேசறேன், தப்பா எடுத்துக்காதீங்க. கிளாஸ் குமிஞ்சு கெடக்கு.

வாசல்ல மாட்டியிருக்கறதா? பித்தளையில பளபளன்னு? அது பரிசும்மா. பெரிய ஓட்டல் பாருக்கெல்லாம் வருஷா வருஷம் குடுக்கறது. இல்லல்ல, குடிக்கறவனுக்கு இல்ல, கலந்து குடுக்கறவனுக்கு. யாரோ ஒருத்தர் சாதாரண வாடிக்கை மாதிரி வருவாரு. மார்க் போட வந்திருக்கேன்னு மூச்சு விட மாட்டாரு. மார்ட்டினி மாதிரி பேர் போன பழைய ஐட்டமா ஒண்ணு கேப்பாரு. அதுல ஒளிச்சு மறைக்க எதுவும் கெடையாது. ரெண்டு சரக்கு, ஐஸு, கொஞ்சம் எலுமிச்சைத் தோலு. ஆனா கிளாஸ் பனி பூத்து ஜில்லுனு இருக்கணும். கிளாஸோட காம்புல விரல் தடம் தெரியக்கூடாது. கேக்கறதுக்கு முன்னாடி தண்ணி வந்து நிக்கணும். எல்லாத்துக்கும் மார்க்கு. யாருன்னு தெரியாததால வர்றவன் போறவன் எல்லாருக்கும் பல்லக் காட்டிக்கிட்டே நிக்கணும். என் வீட்டுக்காரி கேட்டுட்டு, இதுக்குக் கூடவா பரீட்சைன்னா.

சிரிப்பு வராதுதான். உங்களுக்கு எப்படி வரும்.

போன வருஷம் கிளாஸ் வெதுவெதுன்னு இருந்துச்சுன்னு மார்க்கக் கொறச்சிட்டாங்க. அப்ப பார்ல நின்னவன அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. இப்ப எங்கயோ லாரிக்கு மூட்டை ஏத்தறானாம். அவன் எடத்துக்கு வந்த பையன்கிட்ட மேனேஜர் சொல்லிட்டாரு, இந்த வாரம் ஆள் வருது, மார்க் போச்சுன்னா அவன் போன வழியிலயே நீயும் போன்னு.

இதெல்லாம் உங்களுக்கு எதுக்குன்னா? இருக்கும்மா. கொஞ்சம் பொறுத்துக்கங்க.

பை வேண்டாமா? அப்புறம் எதுக்கும்மா இவ்வளவு தூரம் கெளம்பி வந்தீங்க. ம். சத்தியம் பண்ணிட்டு ஏமாத்தின மனுஷன் துணி எனக்கெதுக்குன்னு கேக்கறீங்க. கேக்கத்தான் செய்வீங்க. அவரா ரூம்லருந்து பாருக்கு எறங்கி வந்தாரு, அவரா ஆசைப்பட்டுக் குடிச்சாருன்னு மேனேஜர் போன்ல சொன்னாராமே. குடிய விட்டு எவ்வளவு நாளாயிருந்துச்சு? ரெண்டு வருஷத்துக்கு மேலயா. இன்னொரு தடவ தொட்டா ஈரல் தாங்காதுன்னு டாக்டரும் சொல்லியிருந்தாரா. ம்.

எறங்கி வந்தது நெசம்தாம்மா. இந்தக் கதவுல கண்ணாடி இருக்கு பாருங்க, அது வழியா பார் மொத்தமும் தெரியும். சாயங்காலம், நல்ல வெளிச்சம் இருக்கறப்பவே தனியா வந்தாரு. மார்ட்டினி கேட்டாரு. பையன் செஞ்சு வச்சான். எடுத்துக் குடிக்கல. கிளாஸத் திருப்பித் திருப்பி வெளிச்சத்துல பாத்தாரு. குனிஞ்சு மோந்து பாத்தாரு. அப்புறம் ஒத்த விரலால தள்ளி வச்சிட்டு கையக் கட்டிக்கிட்டாரு. நீங்களே சொல்லுங்க, குடிக்க வந்தவன் அப்படியா செய்வான்? மார்க் போட வந்த ஆளு இவர்தான்னு எங்காளுங்க எல்லாரும் முடிவே பண்ணிட்டாங்க.

ஜில்லு பத்தலையோ என்னமோன்னு பையன் அத எடுத்துட்டு வேற ஒண்ணு வச்சான். காசு வேண்டாம் சார்னு. அதயும் மோந்தாரு, தள்ளினாரு. திரும்ப வேற. எல்லாம் இங்கதான் வந்துச்சு, என்கிட்ட. போன மேனிக்கே தளும்பத் தளும்ப வந்துச்சு. விளிம்பச் சுத்திப் பாத்தேன், வாய் பட்ட தடம் இல்லம்மா. ஒண்ணுத்துலயும் இல்ல. இந்தத் தொட்டியிலதான் கொட்டினேன், இதே கையால.

நடுவுல யாருக்கோ போன் போட்டாரு. நான் அப்ப கழுவின கிளாஸ அடுக்க பாருக்குள்ள போயிருந்தேன், காதுல விழுந்துச்சு. முன்னாடிதான் இருக்கு, மோந்து பாத்தாச்சு, இன்னும் தொடலன்னாரு. பரீட்சையில பாஸான புள்ள சொல்ற மாதிரி ஒரு குரல். பையன் என்ன நெனச்சான், மேலிடத்துக்கு ரிப்போர்ட் சொல்றாருன்னு. அந்தப் பக்கம் சட்டுனு வச்சிட்டாங்க போல. இவர் போனக் காதுலயே கொஞ்ச நேரம் வச்சிருந்தாரு.

என்னம்மா? உங்ககிட்டயா பேசினாரு?

பார்ல உக்காந்துக்கிட்டு கதை விடறாருன்னு நெனச்சிட்டீங்க. ஐயோ. இந்தாங்க, தண்ணி குடிங்க, சுத்தமான கிளாஸ்தான். யாரா இருந்தாலும் அப்படித்தாம்மா நெனச்சிருப்பாங்க. நான் உங்கள நோகடிக்கறதுக்காகச் சொல்லல. அழுங்க, பரவாயில்ல. இங்க யாரும் வர மாட்டாங்க.

எந்திரிச்சிட்டாரும்மா. அதத்தான் நான் உங்ககிட்ட சொல்லணும். காச வச்சிட்டு எந்திரிச்சிட்டாரு. பையன் கவுண்ட்டரச் சுத்திக்கிட்டு வெளிய வந்து வழிய மறிச்சிட்டான், கையில புதுக் கிளாஸோட. சார், ஒரே ஒரு வாய், புடிக்கலன்னா புடிக்கலன்னே எழுதிக்கங்க, குடிக்காம மட்டும் போயிடாதீங்க, என் பொழப்பே போயிடும்னான். அவருக்கு ஒண்ணும் புரியல. நீ நெனைக்கற ஆள் நான் இல்லப்பான்னாரு. மார்க் போட வர்றவங்க எல்லாருமே அப்படித்தானே சொல்லுவாங்க. இவன் இன்னும் கெட்டியா கையப் புடிச்சுக்கிட்டான். அத்தன பேர் முன்னாடி அழுதான். கடைசியில அவர் இவன் தோளத் தட்டிக் குடுத்து, அழாதப்பான்னுட்டு, நின்ன மேனிக்கே வாங்கி ஒரு வாய் குடிச்சாரு. நல்லாருக்குப்பான்னாரு.

அந்தக் கிளாஸ் காலியா வந்துச்சு. அதுக்கப்புறம் வந்ததெல்லாம் காலியாத்தான் வந்துச்சு. கேட்டதும் குடுத்தாங்க, கேக்காததும் குடுத்தாங்க. ரூமுக்கு ஒரு பாட்டில் ஓட்டல் செலவுல போச்சு. விடியறதுக்குள்ள உசுரு போயிடுச்சு. மத்தது உங்களுக்குத் தெரியும்.

மார்க் போட வந்தவங்களா? ஜன்னலோரமா ஒரு வயசான அம்மா உக்காந்து பேப்பர் படிச்சிக்கிட்டு இருந்தாங்க. அவங்கன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான் இருந்திருக்காங்க. விருந்தாளி தள்ளத் தள்ள மூஞ்சியச் சுளிக்காம புதுசு புதுசா செஞ்சு குடுத்தாங்க, இப்படி ஒரு கவனிப்ப வேற எங்கயும் பாக்கலன்னு எழுதி முழு மார்க்கும் போட்டுட்டாங்க. வாசல்ல தொங்கறது அதான்.

பூட்ஸ் சத்தம் கேக்குது, மேனேஜர்தான். கண்ணத் தொடச்சுக்கங்க. அவராவே குடிச்சாரு, குடும்பத்துக்குப் புகார் ஒண்ணும் இல்லன்னு அந்தப் பேப்பர்ல இருக்கும். எங்களையும் அப்படியே சொல்லச் சொல்லியிருக்காங்க. போடறதும் போடாததும் உங்க இஷ்டம். போடலன்னா, கூப்பிட்ட எடத்துக்கு வந்து இப்ப சொன்னத அப்படியே சொல்றேன்.

அந்தப் பையனா? வேலைக்கு வர்றான், போறான். வீட்டுல அவன் பொண்டாட்டி தண்ணி கேட்டா எந்திரிச்சு எடுத்துக் குடுக்க மாட்டேங்கறான், கிளாஸக் கையால தொட மாட்டேங்கறான். எனக்கு எப்படித் தெரியும்னா, ஒரே வீடுதானேம்மா. என் மகன்தான்.

பாத்து எந்திரிங்க. அந்தப் பக்கம் தரை ஈரமா இருக்கு.